35,000 ரூபாய் பம்பா, 95,000 ரூபாய் பம்பா? சோலார் ஸ்விம்மிங் பூலில் ஒளிந்திருக்கும் கரண்ட் கணக்கு



அபார்ட்மென்ட்டில் சொந்த வீடோ வாடகை வீடோ, மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம். அதில் ஸ்விம்மிங் பூலுக்கு எவ்வளவு போகுதுன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்? நாம் பூலில் இறங்கி ஆறு மாதம் ஆகியிருக்கலாம். ஆனால் பூல் பம்ப் மட்டும் தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஓசூரில் இருக்கும் ஒரு நண்பர் போன வாரம் இரண்டு கொட்டேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர்களுடைய அபார்ட்மென்ட்டில் 48 வீடுகள். ஓசூர் குளிர் தெரியும்தானே? டிசம்பர், ஜனவரியில் பூலில் கால் வைக்க முடியாது. அதனால் கிளப் ஹவுஸ் மாடியில் சோலார் பேனல் போட்டு பூல் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். இப்போ பழைய பம்ப் வைண்டிங் எரிந்துவிட்டது. புது பம்புக்கு இரண்டு கொட்டேஷன்: ஒன்று 35,000 ரூபாய், இன்னொன்று 95,000 ரூபாய்.

குரூப்பில் ஒரே சண்டை. "60,000 ரூபாயைத் தண்ணியில கொட்டணுமா?" என்று ஒரு கோஷ்டி. "வேரியபிள் ஸ்பீடுதான் லேட்டஸ்ட்" என்று இன்னொரு கோஷ்டி. ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங். "நீ சிஏதானே, எதுக்குடா ஓட்டுப் போடட்டும்?" என்பதுதான் நண்பரின் கேள்வி.

பதில் சொல்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கு பூல் பம்புக்கு மட்டும் இல்லை. ஏசி, ஃபிரிட்ஜ், ஃபேன், கார் என்று வாங்கும்போது ஒரு விலை, ஓட்டும்போது ஒரு விலை இருக்கும் எல்லாப் பொருளுக்கும் இதே கணக்குதான்.

1. முதலில், இந்த பம்ப் என்ன வேலை செய்யுது?

பூல் பம்புக்கு இரண்டு வேலை. ஒன்று, தண்ணீரை இழுத்து ஃபில்டர் வழியாகத் தள்ளித் திரும்பப் பூலுக்கே அனுப்புவது. இரண்டு, வெயில் இருக்கும்போது அதே தண்ணீரை மாடியில் இருக்கும் சோலார் பேனலுக்கு ஏற்றி, சூடாக்கிக் கீழே கொண்டுவருவது. இது கரண்ட் தயாரிக்கும் சோலார் பேனல் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் குழாய்களாலான பேனல். அதற்குள் பூல் தண்ணீரே ஓடும்.

சோலார் எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள பூலில் 90,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை 1 டிகிரி சூடாக்க சுமார் 105 யூனிட் வெப்பம் வேண்டும். கரண்ட் ஹீட்டரில் செய்தால், யூனிட் 8 ரூபாய் வீதம், ஒரு டிகிரிக்கே 840 ரூபாய்! அந்த வெப்பத்தை சூரியன் இலவசமாகத் தருகிறார். ஆனால் அதை மாடியிலிருந்து கீழே கொண்டுவரும் பம்ப் இலவசமாக ஓடாது. நாம் குறைக்க வேண்டியது அந்தச் செலவைத்தான்.

2. ஹெச்பி பார்த்து வாங்காதீங்க

கடையில் முதல் கேள்வியே "எத்தனை ஹெச்பி சார்?" என்பதுதான். ஹெச்பி என்பது மோட்டாரின் பலம். உங்கள் பூலுக்கு எவ்வளவு தண்ணீர் போகும், எவ்வளவு கரண்ட் சாப்பிடும் என்பதை அது சொல்லாது.

ஒரு ஹெச்பி என்றால் 746 வாட். 2 ஹெச்பி என்றால் சுமார் 1.5 கிலோவாட். ஆனால் இது மோட்டார் வெளியே கொடுக்கும் சக்தி. உள்ளே இழுக்கும் கரண்ட் இதைவிட அதிகம், ஏனென்றால் மோட்டாரிலேயே கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. நம் உதாரணத்தில் 1.8 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். பில் வருவது இந்த 1.8-க்குத்தான்.

பைக் வாங்கும்போது "எத்தனை சிசி" என்று கேட்ட கையோடு "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்கிறோம் இல்லையா? பம்புக்கும் மைலேஜ் உண்டு: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது? அமெரிக்காவில் பூல் பம்புகளுக்கு 2021 ஜூலை முதல் குறைந்தபட்சத் திறன் விதி அமலில் இருக்கிறது. அங்கே அளவுகோலே இதுதான்: ஒரு யூனிட்டுக்கு எத்தனை ஆயிரம் கேலன்.

3. வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் பாதியாகாது. அதைவிட நன்றாகவே குறையும்!

95,000 ரூபாய் பம்ப் வேரியபிள் ஸ்பீடு வகை. அதாவது மோட்டார் வேகத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். இங்கேதான் பணம் ஒளிந்திருக்கிறது. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்?

- தண்ணீர் அளவு: பாதியாகும்.
- தள்ளும் உயரம்: நாலில் ஒரு பங்காகும்.
- தேவைப்படும் சக்தி: எட்டில் ஒரு பங்காகும்.

அப்போ, பாதி வேகத்தில் இரண்டு மடங்கு நேரம் ஓட்டினால் அதே அளவு தண்ணீர் சுற்றும். கரண்ட் நாலில் ஒரு பங்குதான். இது புத்தகக் கணக்கு. நிஜத்தில் வேகம் குறையும்போது மோட்டார், டிரைவ் இரண்டின் திறனும் கொஞ்சம் குறையும். அதனால் நான் எட்டில் ஒரு பங்கு என்று எடுக்காமல் ஆறில் ஒரு பங்கு என்றே எடுக்கிறேன். கணக்கு போடும்போது நமக்குச் சாதகமான நம்பரை எடுக்கக் கூடாது, கொஞ்சம் பாதகமான நம்பரைத்தான் எடுக்க வேண்டும்.

4. ஆனால் சோலார் இருந்தால் ஒரு சிக்கல்

"சரி, அப்போ நாள் முழுக்க பாதி வேகத்திலேயே ஓட்டிடலாமே?" என்று தோன்றும். சோலார் இல்லாத பூலில் அது பெரும்பாலும் சரி. சோலார் இருந்தால் முடியாது.

மேலே பார்த்தோம், பாதி வேகத்தில் தள்ளும் உயரம் நாலில் ஒரு பங்குதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் மாடிக்கு ஏறாமலே போகலாம். இன்னொன்று, பேனல் பக்கத்தில் ஒரு காற்று வால்வு இருக்கும். பம்ப் நின்றதும் காற்றை உள்ளே விட்டு, பேனல் தண்ணீரைக் கீழே இறக்குவது அதன் வேலை. பம்ப் ஓடும்போது அழுத்தம் போதவில்லை என்றால் அந்த வால்வு திறந்து காற்றை இழுக்கும்; பூலில் காற்றுக் குமிழி வரும்.

இன்னொரு தப்பான எண்ணமும் இருக்கு. "தண்ணியை மெதுவா விட்டா நல்லா சூடாகும்" என்பார்கள். வெளியே வரும் தண்ணீர் சூடாக இருக்கும், உண்மைதான். ஆனால் பேனலும் சூடாகி, அந்த வெப்பம் காற்றில் போய்விடும். மொத்தமாகப் பூலுக்கு வந்து சேரும் வெப்பம் குறைவு. திரும்பி வரும் தண்ணீர் இரண்டு, மூன்று டிகிரி மட்டும் கூடியிருந்தால் அது நல்ல அறிகுறிதான். பேனல் கம்பெனி ஒரு பேனலுக்கு இத்தனை லிட்டர் ஓட்டம் வேண்டும் என்று கொடுத்திருக்கும். அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

ஆக, வெயில் நேரத்தில் கொஞ்சம் அதிக வேகம், மற்ற நேரத்தில் குறைந்த வேகம். ஒரே வேகப் பம்பால் இதைச் செய்ய முடியாது.

குறிப்பு: நண்பர் வீட்டில் பேனல் இருப்பது ஒற்றை மாடி கிளப் ஹவுஸ் மேலே. ஐந்தாவது மாடி மொட்டை மாடியில் பேனல் இருந்தால் கதை வேறு. அதற்கு மட்டும் தனியாக ஒரு பூஸ்டர் பம்ப் வைப்பதுதான் வழக்கம். அந்த உயரத்துக்காக மெயின் பம்பையே பெரிதாக வாங்கி நாள் முழுக்க ஓட்டுவது, வாரத்தில் ஒரு நாள் ஊருக்குப் போக தினமும் ஆபீஸுக்கு பஸ் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி.

5. இப்போ ரூபாய்க்கு வருவோம்

90,000 லிட்டர் பூல். தினமும் மொத்தத் தண்ணீரும் இரண்டு முறை ஃபில்டர் ஆக வேண்டும். அதாவது 1,80,000 லிட்டர். கரண்ட் யூனிட் 8 ரூபாய் என்று எடுக்கிறேன். தமிழ்நாட்டில் பெரிய அபார்ட்மென்ட்டின் பொது இணைப்புக்கு இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும். வீட்டு இணைப்பு மாதிரி 100 யூனிட் இலவசமும் அதற்குக் கிடையாது.

*பம்ப் அ (ஒரே வேகம், 35,000 ரூபாய்)*
- மணிக்கு 20,000 லிட்டர், 9 மணி நேரம்
- 1.8 கிலோவாட் × 9 = தினமும் 16.2 யூனிட்
- வருடத்துக்கு 5,913 யூனிட் = 47,304 ரூபாய்
- மைலேஜ்: யூனிட்டுக்குச் சுமார் 11,100 லிட்டர்

*பம்ப் ஆ (வேரியபிள் ஸ்பீடு, 95,000 ரூபாய்)*
- காலை 10 முதல் மதியம் 3 வரை சோலார் ஓட்டம்: 80% வேகம், மணிக்கு 16,000 லிட்டர், 1 கிலோவாட் = 5 யூனிட்
- மீதி 10 மணி நேரம்: 50% வேகம், மணிக்கு 10,000 லிட்டர், 0.3 கிலோவாட் = 3 யூனிட்
- மொத்தம் தினமும் 8 யூனிட். சுற்றும் தண்ணீர் அதே 1,80,000 லிட்டர்
- வருடத்துக்கு 2,920 யூனிட் = 23,360 ரூபாய்
- மைலேஜ்: யூனிட்டுக்கு 22,500 லிட்டர்

வருட மிச்சம்: 47,304 – 23,360 = 23,944 ரூபாய்.

கூடுதலாகப் போடும் 60,000 ரூபாய் இரண்டரை வருடத்தில் திரும்பி வந்துவிடும். கோடையில் சோலார் தேவைப்படாத மாதங்களில் 50% வேகத்திலேயே 18 மணி நேரம் ஓட்டினால் 5.4 யூனிட்தான். அந்த மிச்சத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

6. "திரும்பி வரும்" என்றால் மட்டும் போதுமா?

போதாது. இந்த 60,000 ரூபாய் இப்போ அசோசியேஷன் எஃப்டியில் இருந்தால் வட்டி வரும். அதையும் கழிக்க வேண்டும். 7% வட்டி, 7 வருட ஆயுள் என்று வைப்போம். வேரியபிள் ஸ்பீடு பம்பில் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, அது கெட்டுப்போகலாம். ஐந்தாம் வருடம் 20,000 ரூபாய் ரிப்பேர் வரும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

- 7 வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு: சுமார் 1,29,000 ரூபாய்
- கழிக்க: கூடுதல் விலை 60,000 ரூபாய்
- கழிக்க: ரிப்பேரின் இன்றைய மதிப்பு, சுமார் 14,300 ரூபாய்
- கையில் நிற்பது: சுமார் 54,700 ரூபாய்

இதைத்தான் நாங்கள் நெட் பிரசன்ட் வேல்யூ என்கிறோம். எஃப்டி வட்டியையும் விட்டுக்கொடுத்து, ரிப்பேரும் பார்த்து, அதற்கு மேலும் மிஞ்சுகிறது. அப்போ விலை அதிகமான பம்ப்தான் சீப்!

இன்னும் ஒரு சோதனை. என் கணக்கு தப்பாகப் போனால்? தினமும் 8.2 யூனிட் மிச்சம் என்று போட்டிருக்கிறேன். அது 4.7 யூனிட்டாகக் குறைந்தாலும் நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை. அதற்குக் கீழே போனால்தான் நஷ்டம். எந்த முதலீட்டிலும் "எவ்வளவு தப்பானாலும் தாங்கும்?" என்ற இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

7. ஒரு வீட்டுக்கு எவ்வளவு?

60,000 ரூபாயை 48 வீட்டுக்குப் பிரித்தால், வீட்டுக்கு 1,250 ரூபாய். வருட மிச்சம் வீட்டுக்குச் சுமார் 500 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று 1,250 போட்டு ஏழு வருடம் ஆண்டுக்கு 500 எடுக்கிற டீல் வேறு எங்கே கிடைக்கும்?

இங்கே ஒரு மனித விஷயமும் இருக்கு. பம்ப் வாங்கும் காசு பெரும்பாலும் ஓனர் தலையில் விழும். கரண்ட் மிச்சமோ மாத மெயின்டனன்ஸ் கட்டும் வாடகைதாரருக்குப் போகும். அதனால் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஓனர் "சீப்பானதே போதும்" என்று கை தூக்குவார். அவரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். அவர் கணக்கு அப்படி. தனியாக வசூல் செய்யாமல் கார்பஸிலிருந்து எடுத்து, கரண்ட் மிச்சத்தை மூன்று வருடம் கார்பஸுக்கே திருப்பினால் இந்தச் சண்டை வராது.

"போன வருஷம்தான் பழைய பம்புக்கு 12,000 செலவு பண்ணோம்" என்றும் ஒருவர் சொல்வார். போன காசு போனதுதான். இன்றைய முடிவில் அதற்கு இடம் இல்லை.

8. ஜிஎஸ்டி பக்கம்

மாத மெயின்டனன்ஸ் ஒரு உறுப்பினருக்கு 7,500 ரூபாயைத் தாண்டி, அசோசியேஷனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி வரும். அப்படி ஜிஎஸ்டி கட்டும் அசோசியேஷன், வாட்டர் பம்ப் மாதிரியான மூலதனப் பொருளுக்குக் கட்டிய வரியை இன்புட் டாக்ஸ் கிரெடிட்டாக எடுக்கலாம் என்று 2019 ஜூலையில் வந்த சுற்றறிக்கை எண் 109 தெளிவாகச் சொல்கிறது. 7,500-ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்றது அந்தச் சுற்றறிக்கை. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உங்கள் அசோசியேஷன் எந்த வழியில் ரிட்டர்ன் போடுகிறது என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு கிரெடிட் எடுங்கள். பில் அசோசியேஷன் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும். செயலாளர் பெயரில் பில் வாங்கினால் கிரெடிட் போச்சு.

9. எப்போது சீப்பான பம்பே சரி?

எல்லோருக்கும் வேரியபிள் ஸ்பீடு என்று நான் சொல்லவில்லை.

- ஓடும் நேரம் குறைவு: சின்னப் பூல், தினமும் 3 மணி நேர ஓட்டம்தான் என்றால் மிச்சமும் மூன்றில் ஒரு பங்கு, வருடத்துக்குச் சுமார் 8,000 ரூபாய். போட்ட காசு திரும்ப ஏழரை வருடம். வேண்டாம்.
- இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார், நல்ல நிலையில்: புது பம்பே வேண்டாம். ஒரு விஎஃப்டி டிரைவ் மட்டும் மாட்டி வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சாதாரண சிங்கிள் ஃபேஸ் கெப்பாசிட்டர் மோட்டாருக்கு இது பொதுவாக ஒத்துவராது.
- ஊரில் சர்வீஸ் இல்லை: டிரைவ் போர்டு போனால் பார்க்க ஆளில்லை, ஒரு மாதம் பூல் மூடிக் கிடக்கும் என்றால் யோசியுங்கள்.

10. மீட்டிங்கில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்த உயரத்துக்கு, மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட்? மூன்றும் ஒரே வரியில் எழுத்தில் வேண்டும். 50%, 80%, 100% மூன்று வேகத்துக்கும்.
2. 80% வேகத்தில் பேனலுக்குத் தண்ணீர் ஏறுமா? மாட்டிய அன்றே ஃப்ளோ மீட்டரில் காட்ட வேண்டும்.
3. குளோரின் டோசர் இருந்தால், அது வேலை செய்யக் குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு? குறைந்த வேகம் அதற்குக் கீழே போகக் கூடாது.
4. ஃபில்டரை பேக்வாஷ் செய்ய முழு வேகம் வேண்டும். அந்த நிமிடங்களுக்குத் தனி செட்டிங் இருக்கா?
5. மோட்டாருக்கு வாரன்ட்டி எத்தனை வருடம், டிரைவுக்கு எத்தனை வருடம்? தனித்தனியாக.
6. வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குப் பாதுகாப்பு சேர்த்தா, தனியா?

கடைசியாக ரொம்ப முக்கியமான ஒன்று. வேரியபிள் ஸ்பீடு பம்ப் வாங்கிவிட்டு, ஆபரேட்டர் "தண்ணி ஸ்லோவா வருது சார்" என்று 100% வேகத்தில் வைத்துவிட்டால் மேலே போட்ட மொத்தக் கணக்கும் காலி. 95,000 ரூபாய்க்கு ஒரே வேகப் பம்ப் வாங்கின மாதிரிதான். அதனால் நேர அட்டவணையைச் செட் செய்து லாக் போடுங்கள். பம்புக்கு மட்டும் ஒரு சின்ன சப் மீட்டர் வையுங்கள். மாதம் ஒரு முறை ரீடிங்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். நம் உதாரணத்தில் மாதம் 240 யூனிட்டுக்கு மேல் போனால் கேள்வி கேளுங்கள்.

அதேபோல, கரண்ட் மிச்சம் செய்கிறோம் என்று தண்ணீர் சுற்றும் அளவைக் குறைக்காதீங்க. குழந்தைகள் குளிக்கிற தண்ணீர். தினமும் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை குளோரின், பிஹெச் டெஸ்ட் பார்த்து பூல் பராமரிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். குறைக்க வேண்டியது வேகத்தைத்தான், தண்ணீரை இல்லை.

ராத்திரியில் பூலுக்கு ஒரு கவர் போடுங்கள். பூல் வெப்பத்தை அதிகமாக இழப்பது தண்ணீர் ஆவியாவதில்தான். பகலில் பம்ப் ஓட்டிச் சேர்த்த சூட்டை இரவில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் மறுபடி பம்ப் ஓட்டுவதில் அர்த்தம் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: உங்கள் அபார்ட்மென்ட் பூல் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பெயர்ப் பலகையில் எத்தனை ஆம்பியர் என்று ஒரு போட்டோ எடுங்கள். பொது கரண்ட் பில் ஒரு காப்பி கேளுங்கள். நீங்கள் கட்டும் காசு, கேட்பதில் தப்பே இல்லை. பூல் அளவு, ஓடும் நேரம், யூனிட் ரேட், இரண்டு கொட்டேஷன் விலை. இந்த ஐந்து நம்பர் இருந்தால் மேலே இருக்கும் கணக்கை நீங்களே பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எக்ஸெல் ஷீட்டில் இதை எப்படிப் போடுவது என்று நம் சேனல் வீடியோவில் ஒவ்வொரு படியாகக் காட்டியிருக்கிறேன்.

விலைப் பட்டியலில் தெரிவது பாதி விலை மட்டும்தான். மீதி விலை ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில்லில் வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு கை தூக்குங்கள்.